மேற்கிலிருந்து வந்த வெள்ளம்: முத்துக்குளித்துறையின் பேரிடர் வரலாறும் நம் மஹல்லாவின் முன்னேற்பாடும்

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற நம் கடற்கரையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி நின்றே எழுதியிருக்கிறார்கள். முத்தும் சங்கும் விளைந்தது அத்திசையில். அரபு நாட்டுக் குதிரைகளை ஏற்றிய மரக்கலங்களும், பின்னர் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து சேர்ந்ததும் கடல் வழியே. செல்வம் வந்த வழியில்தான் ஆபத்தும் வரும் என்பது நம் முன்னோர் கணிப்பு. புயல் என்றாலும் பேரலை என்றாலும் கரைக்குச் சென்று கடலைப் பார்த்து நிற்பது இன்றும் நம் வழக்கமாக இருக்கிறது. ஆனால் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இரவில் நம் மாவட்டத்தை மூழ்கடித்த வெள்ளம் கடலிலிருந்து வரவில்லை. வானத்திலிருந்து கொட்டியது, நம் முதுகுக்குப் பின்னே இருந்த ஆறும் குளங்களும் ஓடைகளும் அதனைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. இக்கரையில் வாழ்ந்தோர் ஆபத்தை எவ்வாறு எதிர்பார்த்தார்கள், எதனை எதிர்பார்க்கத் தவறினோம் என்பதை இவ்வாண்டு மலரில் எழுத முற்படுகிறோம்.

மேற்கிலிருந்து வரும் நீரை இக்கரை முன்பு அறியாததன்று. பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையை எடுத்துக்கொள்வோம். பழங்காலக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்புகளில் முத்துக் குளிக்கும் இடமாகச் சொல்லப்பட்ட அவ்வூர், இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. அத்தனை பழமையான துறைமுகத்தின் வாழ்வை முடித்தது தாமிரபரணி ஆண்டுதோறும் வெள்ளத்தில் கொண்டுவந்து கொட்டிய வண்டலே. கடல் விலக விலக, வாணிபம் காயலுக்கு இறங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய செழிப்பான காயல் அதுவே. அதற்கும் அதே முடிவுதான் நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் பழையகாயலில் ஆராய்ந்தபோது எஞ்சியிருந்தவை சிதறிக் கிடந்த சீன நாட்டு, அரபு நாட்டு மட்கலங்களின் உடைந்த ஓடுகள். புன்னைக்காயல், காயல்பட்டினம், தூத்துக்குடி என்று மக்களும் வணிகமும் இடம் பெயர்ந்த வரலாற்றுக்குப் பின்னால், அரசர்களுக்கும் அந்நியருக்கும் இருந்த பங்குக்குக் குறையாத பங்கு அந்த ஆற்றுக்கு உண்டு. ஆறு திரும்பினால் நம் முன்னோர் ஊரை நகர்த்திக்கொண்டார்கள். அன்று அது இயன்றது. பட்டாவும் பத்திரமும் மாடி வீடும் கொண்ட நம்மால் அது இயலாது.

முத்துக் குளிப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அது வெறும் துணிச்சலால் நடந்த தொழில் என்று நம் இளைஞர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைப்போல் முன்கூட்டியே திட்டமிட்டு நடத்தப்பட்ட தொழில் இக்கரையில் வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. வடகிழக்குப் பருவக்காற்று அடங்கி, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன் கடல் தெளிந்து கிடக்கும் சில வாரங்களில் மட்டுமே குளிப்பு நடக்கும். அதற்கு முன்பே 'பார்' எனப்படும் சிப்பித் திட்டுகளைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தின் தரத்தை மதிப்பிடுவார்கள். விளைச்சல் போதாதென்றால் அவ்வாண்டு குளிப்பு கிடையாது. பல ஆண்டுகள் தொடர்ந்து இல்லாமற் போனதும் உண்டு. குளிப்பு உண்டென்று அறிவித்தால் வெறும் மணற்கரையில் ஒரு தற்காலிக ஊரே எழும். அங்கே குடிநீருக்கும் காவலுக்கும் மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்வார்கள். அத்தனை பேர் ஓரிடத்தில் கூடினால் காலரா வரும் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு எப்போதும் இருந்தது. விடியுமுன் நிலக்காற்றைப் பிடித்துத் தோணிகள் பாருக்குச் செல்லும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அதனைப் பிடித்துக் கரை திரும்பும். கல்லைக் காலில் பற்றிக்கொண்டு ஒருவர் அடியில் இறங்கும்போது, தோணியின் மேல் கயிற்றைப் பிடித்தபடி மற்றொருவர் நிற்பார். இறங்குகிறவரின் உயிர் அவர் கையில். பரதவரும், நம் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காயலைப் பற்றி எழுதிய பார்போசா என்னும் போர்த்துக்கீசியர், முத்துக் குளிப்பின் வரி உரிமையைச் செல்வந்தரான ஒரு முஸ்லிமே குத்தகைக்குப் பெற்றிருந்தார் எனக் குறிப்பிடுகிறார்.

மார்க்கோ போலோ தரும் கணக்கு ஒன்று நம் கவனத்துக்குரியது. கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, குளிப்பவரைச் சுறா நெருங்காதபடி மந்திரித்துக் 'கட்டுகிறவர்களுக்கு'. பிற்காலத்தில் இவர்களைக் கடல்கட்டி என்று அழைத்தனர். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. அது வேறு பேச்சு. கணக்கை மட்டும் பாருங்கள். ஆபத்து நேராதிருக்க என்று நூற்றுக்கு ஐந்து பங்கு, ஒருவரும் கடலில் இறங்குமுன்பே பேசி ஒதுக்கப்பட்டிருந்தது. இதே மலரின் பின்பக்கங்களில் நம் ஜமாஅத்தின் வரவு செலவு அச்சாகியிருக்கிறது. பள்ளிப் பராமரிப்பு, மின்கட்டணம், இமாம் மற்றும் மோதினார் ஊதியம், மத்ரஸா, ஏழைக் குமர் உதவி என்று தலைப்புகள் உள்ளன. பேரிடர் முன்னேற்பாடு என்று ஒரு தலைப்பு அதில் இல்லை. எழுதுகிற நாமும் இதற்குப் பொறுப்பாளிகளே.

1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துக் குளிப்பு நின்றது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். தொழில் போனதோடு காற்றையும் நீரையும் நாள்தோறும் கவனிக்கும் பழக்கமும் நம்மில் பெரும்பாலோரிடமிருந்து போய்விட்டது. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று மீன்பிடிப்போர் மட்டுமே.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1864ஆம் ஆண்டு கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60 ஆயிரம் பேர் மாண்டனர். அதற்குப் பிறகே, 1865இல், அத்துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு செய்யப்பட்டது. பத்தாண்டு கழித்து 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. பகலில் கருப்பு உருளைகளும் கூம்புகளும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளுமாக, ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்ட அந்தக் குறிகள் கப்பல்களுக்காக வகுக்கப்பட்டவை. காற்றின் வேகத்தையும், புயல் துறைமுகத்துக்கு எப்பக்கம் கடக்கும் என்பதையும் அவை சொல்லும். எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்று சொல்ல அவற்றால் இயலாது. காற்றுக்குக் கூண்டு உண்டு. மழைக்குக் கூண்டு கிடையாது.

அந்தக் கூண்டின் தேவையை ஐயமின்றி உணர்த்தியது 1964. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாப் பகுதியில் புகுந்த புயல் தனுஷ்கோடியை இல்லாமலாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில் பேரலையில் அடித்துச் செல்லப்பட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. நம் மஹல்லாவின் முதியவர்கள் புயல் என்று சொன்னால் இன்றும் அவர்கள் நினைவில் எழுவது அந்த இரவே. அந்நினைவுதான் நம் கண்களைக் கடலிலேயே நிறுத்தி வைத்தது என்று கருதுகிறோம்.

1992 நவம்பர் 13ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகே ஒரு புயல் கரையைக் கடந்தது. அப்போதும் பெருந்துயரம் வந்தது மலையிலிருந்தே. மாஞ்சோலையை அடுத்த காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணியில் வெள்ளம் பெருகி நெல்லைப் பகுதியைச் சூறையாடியது. நாம் அதனை 'நெல்லை வெள்ளம்' என்று பெயரிட்டு, அண்டை ஊரின் துயரமாக ஒதுக்கிவிட்டோம். ஆற்றின் கடைமடையில் இருப்பவர்கள் நாம் என்பது அன்றே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். 2021 நவம்பர் 25ஆம் நாள் காயல்பட்டினத்தில் 31 சென்டிமீட்டரும் தூத்துக்குடியில் 27 சென்டிமீட்டரும் பெய்தன. நகரின் தாழ்ந்த பகுதிகளில் நாட்கணக்கில் நீர் தேங்கியது. பம்புகள் வந்தன, நீர் வடிந்தது, நாம் மறந்தோம்.

2023 டிசம்பரில் முதலில் சென்னைதான் மூழ்கியது. மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலின் நிவாரணத்துக்கு நம் ஊர்களிலிருந்தும் பொருட்கள் சென்றன. இரண்டு வாரங்களில் நிலைமை தலைகீழாயிற்று. குமரிக் கடலை ஒட்டி நிலவிய ஒரு வளிமண்டலச் சுழற்சியே காரணம். அது புயல் அன்று. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. டிசம்பர் 18ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53 சென்டிமீட்டர் மழை பதிவானது. நம் மாவட்டத்தின் ஓராண்டு முழு மழையே சராசரியாகச் சுமார் 65 சென்டிமீட்டர்தான். 2005 ஜூலையில் மும்பையை நிலைகுலையச் செய்த மழையின் அளவு 94 சென்டிமீட்டர். மலை உச்சியில் பெய்வதற்குரிய மழை, உப்பளங்களின் நடுவே உள்ள ஒரு கடற்கரைப் பட்டினத்தில் பெய்தது.

எண்களைக் கேட்டால் மனத்தில் தங்காது. இப்படிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்து சென்ட் மனையின்மேல் 95 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் லிட்டர் நீர் விழுகிறது. 12 ஆயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பதினாறு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரிசையாக நின்று, ஒரே நாளில் கவிழ்த்துவிட்டுப் போனதற்குச் சமம் அது. குடிநீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற தெருக்கள் நம்முடையவை.

எச்சரிக்கை முன்கூட்டி வந்ததா, போதிய அளவில் வந்ததா என்ற வாதம் அப்போது பெரிதாக எழுந்தது. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் தகுதியுடையோர் அல்லர். ஆனால் ஒரு செய்தியை ஜமாஅத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். வானிலைத் துறையின் வகைப்பாட்டில், ஒரு நாளில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை எல்லாமே 'அதி கனமழை'தான். 21 சென்டிமீட்டருக்கும் அதே பெயர். 95 சென்டிமீட்டருக்கும் அதே பெயர். ஆகவே சிவப்பு எச்சரிக்கை வந்தால் சென்ற முறை எவ்வளவு நீர் வந்தது என்பதை வைத்து இம்முறையை அளக்கக் கூடாது. 2021இல் முழங்கால் அளவு கண்டவர்கள், 2023இலும் முழங்கால் அளவே வரும் என்று கட்டிலின்மேல் பொருட்களை ஏற்றிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

நீர் வந்த வழியைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. தாமிரபரணியின் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் 1870களில் கட்டி முடிக்கப்பட்டது. அவ்வேலையில் முனைந்து நின்ற கலெக்டர் பக்கிளின் பெயரையே தூத்துக்குடி நகரின் பக்கிள் ஓடையும் தாங்கி நிற்கிறது. அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் சங்கிலித் தொடராகக் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளத்தின் உபரி அடுத்த குளத்துக்குச் செல்லும். கடைசிக் குளத்தின் உபரி கடலுக்குச் செல்லும். வறண்ட நாட்டில் ஒரு சொட்டும் வீணாகாதிருக்க வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்த கண்ணிகள் தாங்குவதில்லை. 2023இல் அணைக்கட்டைத் தாண்டி வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கும் மேல் நீர் பாய்ந்தது. குளங்கள் பல உடைப்பெடுத்தன. ஏரலில் கடைவீதி மூழ்கி, வணிகர்கள் பலர் ஓரிரவில் முதலை இழந்தார்கள். கோரம்பள்ளம் குளத்து நீர் தூத்துக்குடி நகருக்குள் புகுந்தது; நெடுஞ்சாலை அறுபட்டது; அரசு மருத்துவமனைக்குள்ளும் வெள்ளம் சென்றது. உப்பளங்களில் குவித்திருந்த உப்பு கரைந்து போயிற்று. கடலுக்கு நீர் வடியும் பள்ளங்களில் நாம் உப்பளமும் சாலையும் மனைப்பிரிவும் அமைத்திருக்கிறோம். வீட்டு மனைக்குக் கல் ஊன்றியபோது அங்கே ஒரு வாய்க்கால் இருந்ததே என்று கேட்ட முதியவர்களை நாம் கேலி பேசியதும் உண்டு.

அந்த இரவில் நடந்த ஒன்றை 1964ஆம் ஆண்டின் அருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் செய்துங்கநல்லூர் செல்லும் வழியில் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. சுமார் 800 பயணிகள் இரண்டு இரவுகள் அங்கே சிக்கினார்கள். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டனர். பசியும் இருளும் கொடியனவாக இருந்தாலும், அந்த ரயில் நின்றதால் அதிலிருந்தவர்கள் பிழைத்தார்கள். தங்கள் ஊரே தத்தளித்த நிலையிலும் புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். உரிய நேரத்தில் 'போகாதே' என்று சொல்ல ஓர் ஆளும், சொன்னதைக் கேட்க ஓர் ஆளும் இருந்தால் போதும் என்பதை அவ்விரு ரயில்களும் காட்டுகின்றன.

உதவிக்கு அன்று குறைவில்லை. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் ஒன்று, வீடிழந்து நின்ற இந்துக் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்து, நாட்கணக்கில் உணவளித்தது. மீனவச் சகோதரர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குள் சென்று மக்களை மீட்டார்கள். தமிழகத்தின் பல ஜமாஅத்துகளிலிருந்தும், வெளிநாடு வாழ் நம் சகோதரர்களிடமிருந்தும் பொருளும் பணமும் வந்தன. பஞ்ச காலத்தில் பசித்தவருக்கு உணவளித்தார் என்று புலவர்கள் போற்றிய கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் மரபில் வந்தவர்கள் கொடுப்பதில் பின்னிற்க மாட்டார்கள். நம் குறை அதற்கு முந்திய இடத்தில் இருக்கிறது. உணவுப் பொட்டலம் மூன்றாம் நாள் வந்தது. மூன்று நாளும் மின்சாரம் இல்லை; கைபேசிக் கோபுரங்கள் அடங்கிவிட்டன. அந்த மூன்று நாளுக்கு மஹல்லாவிடம் மஹல்லா மட்டுமே இருந்தது.

இது ஒருமுறை வந்துபோன விந்தையா, இனி அடிக்கடி வருமா என்று கேட்கிறார்கள். ஒரு மழையைக் காட்டி இதுதான் பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது சுமக்கும் ஈரம் நூற்றுக்கு ஏழு அளவில் கூடுகிறது என்பது பௌதிகம். கடலும் சூடேறி வருகிறது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. அதில் நம் கைவேலையும் உண்டு: சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக நெடுங்காலம் பவளப்பாறைகளை வெட்டினோம். 2001இல் சட்டம் அவற்றைக் காத்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகே வெட்டுவது நின்றது. அலையைத் தடுக்கும் பாறை தேய்ந்து, மழையை விடும் வானம் பெருத்திருக்கிறது.

காயல்பட்டினம் மூழ்கியதற்கு மூன்று மாதம் முன்பு, 2023 செப்டம்பரில், லிபியா நாட்டின் தெர்னா நகரில் நடந்ததை நம்மில் பலர் செய்தியாகக் கேட்டிருப்போம். மத்தியதரைக் கடலைப் பார்த்து நிற்கும் பட்டினம் அது. டேனியல் என்ற புயல் கடலிலிருந்துதான் வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது, நகருக்குப் பின்னால் பள்ளத்தாக்கில் இருந்த இரண்டு அணைகள் நள்ளிரவில் உடைந்து வந்த நீர். அவ்வணைகளின் ஆபத்தை ஓராண்டு முன்பே ஒமர் அல்முக்தார் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் எழுதியிருந்தார். எழுதியது நூலகத்தில் இருந்தது, தெருவுக்கு வரவில்லை.

தெருவுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் பிறந்த வங்கதேசம், செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற தன்னார்வலர், கையில் ஒலிபெருக்கி, கொடி, முதலுதவிப் பெட்டி, மழைக்காலத்துக்கு முன் ஒத்திகை. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் எச்சரிக்கை சொல்லப் பயன்படுகின்றன. 1991 புயலில் அங்கே 1 இலட்சத்து 38 ஆயிரம் பேர் மாண்டார்கள். 2007இல் வந்த சித்ர் புயலில் அவ்வெண்ணிக்கை மூவாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. ஏழை நாடு ஒன்று முப்பது நாற்பது ஆண்டுகளில் இதனைச் சாதித்தது. நம் நாட்டில் ஒடிசாவும் 1999இல் சுமார் பத்தாயிரம் பேரை இழந்த பின், 2013 பைலின் புயலின்போது ஏறத்தாழ பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியது.

வங்கதேச அனுபவத்தில் நமக்குச் சற்றுக் கசப்பான ஒரு பாடமும் இருக்கிறது. 1991இல் இறந்தோரில் பெண்களே மிகுதி. கடைத்தெருவில் ஆண்களுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை வீட்டுக்குள் சென்று சேரவில்லை. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் தனியே புறப்படப் பலர் தயங்கினார்கள். அதன் பின்னரே பெண் தன்னார்வலர்களைப் பெருமளவில் சேர்த்தார்கள். இன்று பாதிப்பேர் பெண்கள். நம் ஊர்களில் ஆண்கள் பலர் சென்னையிலும் கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நீர் புகும்போது முடிவெடுக்க வேண்டியவர்கள் பெண்களே. ஆனால் இதுவரை நாம் நடத்திய வெள்ளம் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களில் ஒரு பெண்ணும் இல்லை. காயல்பட்டினத்தில் பெண்கள் தைக்காக்கள் இருக்கின்றன. அவ்வழியே நாமும் யோசிக்கலாம்.

2023 டிசம்பரில் நம் மஹல்லாவில் நேர்ந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். மின்சாரம் நின்றதும் பள்ளியின் ஒலிபெருக்கி ஓய்ந்தது. பேட்டரி இருந்தது, அதனைச் சோதித்து மாதங்கள் ஆகியிருந்தன. மாடி திறந்திருந்தது, குடிநீர் கீழ்த்தளத் தொட்டியில் இருந்தது, அதில் வெள்ளநீர் கலந்துவிட்டது. யாரை முதலில் தூக்கிவர வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டபோது நிர்வாகிகளின் கையில் இருந்தது சந்தாப் பட்டியல் மட்டுமே. அதில் குடும்பத் தலைவர் பெயரும் பாக்கித் தொகையும் இருந்தன. படுக்கையில் கிடக்கும் முதியவர் எந்த வீட்டில், டயாலிசிஸ் செய்துகொள்பவர் எந்த வீட்டில், நிறைமாதக் கர்ப்பிணி எந்த வீட்டில் என்பது அதில் இல்லை. பக்கத்து வீட்டார் சொல்லச் சொல்லக் கேட்டு, கயிறு கட்டிச் சென்றார்கள். உயிர்ச்சேதம் இல்லாமற்போனது இறைவன் அருள்.

அதனால் நிர்வாகக் கமிட்டி இவ்வாண்டு சிலவற்றை முடிவு செய்திருக்கிறது. தெருவுக்கு இருவர், அவர்களில் ஒருவர் பெண், தம் தெருவில் உதவி தேவைப்படுவோரின் பட்டியலை எழுதி வைத்து, ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் திருத்துவார்கள். ஒலிபெருக்கியின் பேட்டரியை மாதத்தின் முதல் ஜும்ஆ அன்று மோதினார் சோதித்துப் பதிவேட்டில் ஒப்பமிடுவார். குடிநீருக்கு மாடியில் தனித் தொட்டி வைக்கப்படும். பைத்துல்மாலில் பேரிடருக்கென ஒரு தலைப்பு தொடங்கப்படும். அதன் அளவை நூற்றுக்கு ஐந்து என வைக்கலாமா என்பதைப் பொதுக்குழுவில் ஜமாஅத்தார் தீர்மானிக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் பள்ளிவாசல் வாயிலில் எழுதப்படும். ஆப்த மித்ரா போன்ற அரசுப் பயிற்சிகளுக்கு நம் இளைஞர்களை அனுப்பவும், பக்கத்து மாதாகோயில் பங்கு, அம்மன் கோயில் தெரு நண்பர்களோடு மீட்புப் பணியைப் பகிர்ந்துகொள்ளவும் பேச்சு நடக்கிறது. வெள்ளம் மஹல்லா எல்லை பார்த்து வருவதில்லை.

ஒரு பணி மட்டும் கமிட்டியால் தனியே முடியாதது. பக்கிள் ஓடையும் உப்பாற்று ஓடையும் அனைவருக்கும் தெரியும். அவை தவிர நம் மஹல்லாவைச் சுற்றி ஓடிய சிறு வாய்க்கால்கள், பள்ளங்கள், ஊருணிகள் எங்கிருந்தன, எவை மூடப்பட்டன, மழைநீர் எவ்வழியே கடலுக்குச் சென்றது என்பதை ஒரு வரைபடத்தில் குறிக்க விரும்புகிறோம். அவற்றின் பழைய பெயர்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களும் தாய்மார்களும் ஜமாஅத் அலுவலகத்தில் எழுதித் தரும்படி வேண்டுகிறோம். எழுத இயலாதவர்கள் சொல்லி அனுப்பினால், நம் இளைஞர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார்கள்.